கிளிக், கட்டைவிரல், கோடு

செம்பேடு ரேஸ் டிராக்கின் ஏழாம் வளைவில் கார்ச் சக்கரம் மோதிக் கொடிக்காரர் தயாளன் செத்த மதியம், நான் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில் ஒரு ரேஸ் அணியின் பட்டறையில் கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் காரின் பின்சக்கரத்தைப் பிடித்திருந்த நட்டை இறுக்கியது என் கை என்று விசாரணைக் கடிதம் சொன்னது. அதில் என் பெயர்கூட முழுசாக இல்லை. ‘மூலக் கை: வல்லி-07’ என்று மட்டும் இருந்தது.

மூன்று முறை படித்தேன். படிப்பது எனக்கு நன்றாகவே வரும். எங்கள் தெருவில் முதியோர் பென்ஷன் மனுவிலிருந்து கேஸ் இணைப்பு வரைக்கும் எல்லாருக்கும் படித்துக் காட்டி, கையெழுத்து எங்கே என்று விரல் வைத்தவள் நான். அமுதவல்லி, பி.இ. மெக்கானிக்கல். வந்தவாசி ரோட்டில் இருக்கும் எங்கள் லாரி டயர் கடையில், அப்பா என் பட்டத்தை மாட்டவில்லை. ‘முதல் பட்டதாரி’ என்று தாசில்தார் கொடுத்த சான்றிதழைத்தான் லேமினேட் செய்து மாட்டியிருக்கிறார். பச்சை மையில் கையெழுத்து இருப்பதால் அதுதான் பெரிது என்பது அவர் முடிவு.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு கட்டுத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

ரகுநந்தன் சாருக்கு போன் செய்தேன். நான் படித்த ‘நொடி’ அகாடமியின் தலைவர். ரேஸ் கார் டெக்னீஷியன் படிப்புக்கு அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே இடம் அது, டிராக்கும் அவர்களுடையதுதான்.

“பதறாதம்மா வல்லி. நீ வந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாப் போதும். ‘என் கை சரியான கை’ன்னு. அவ்வளவுதான்.”

“என் கை எங்கிட்டதான சார் இருக்கு.”

சிரித்தார். “உன் கைப்பதிவு. பயிற்சில ஒரு மெல்லிசு கையுறை போட்டுக்கிட்டீங்களே, அது உங்க கையைக் கத்துக்கிச்சு. இப்ப அதே உறையை வேற யார் போட்டாலும், அவங்க தசைக்குச் சின்னச் சின்னதா கரண்ட் குடுத்து, உன் கை மாதிரி நடத்தும். போடறவங்களுக்கு எதுவும் தெரிய வேண்டாம். காருக்கிட்ட நின்னாப் போதும். நாப்பத்தோரு கராஜ்ல ஓடுது உன் கை.”

“மார்க் போடறதுக்குத்தான் உறைன்னு சொன்னீங்க.”

“மார்க்கும் போட்டோமே. நீதான ஃபர்ஸ்ட்டு. கையெழுத்தும் போட்டிருக்க, முப்பத்தாறாம் பக்கம்.”

அந்தப் பக்கம் எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருந்தது பிரியாணி. கடைசி நாள், எல்லார் தலையிலும் கறுப்புத் தொப்பி, கையெழுத்து வரிசையில் எனக்குப் பின்னால் இருபது பேர், அண்டாவில் ஆறிக்கொண்டிருந்த பிரியாணி. பெங்களூர் வேலை உத்தரவு அந்தக் கட்டுக்கு அடியில்தான் இருந்தது. எடுக்க வேண்டுமென்றால் மேலே இருந்ததில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன்.

“அன்னிக்கு உறையப் போட்டிருந்தது யாரு சார்?”

“ஒரு காண்ட்ராக்ட் பொண்ணு. உறை இழுத்த பக்கம் போகாம எதிர்த்திருக்கா. மெஷின் லாக்ல தெளிவாப் பதிவாயிருக்கு. உனக்குத் தெரிஞ்ச பொண்ணுதான். பெனிட்டா.”

*

பெனிட்டா காசிமேட்டுக்காரி. இரண்டு வருஷம் எனக்குப் பக்கத்துக் கட்டில். ‘வேகத்தின் மகள்கள்’ என்று பஸ் பின்னாலெல்லாம் விளம்பரம் ஒட்டி, முப்பது பெண்களைச் சேர்த்தார்கள். எல்லாரும் என்னை மாதிரி வீடுகள்தான். சொந்தமாகக் கார் வைத்திருந்த வீட்டிலிருந்து ஒருத்திகூட வரவில்லை.

அங்கே கற்றதில் பாதி, நட்டு இறுக்குவது. கேட்க அற்பமாக இருக்கும். பயிற்சி ஓட்டத்துக்கும் நிஜ ரேஸுக்கும் நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் காரின் பின்பக்கத்தைப் பிரித்து, சரி பார்த்து, மூட வேண்டும். பன்னிரண்டு நட்டு. இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற சக்கரத்தை அந்தப் பன்னிரண்டுதான் பிடித்திருக்கும். ஒன்று விட்டால் மற்றதும் விடும். டிரைவரை டிவியில் காட்டுவார்கள். நட்டை இறுக்கியவளைக் கழன்றால்தான் தேடுவார்கள்.

அதற்கு மூன்று தாளம். கிளிக், கட்டைவிரல், கோடு. வலது கையில் இருக்கும் டார்க் ஸ்பானர், இறுக்கம் வேண்டிய அளவு வந்ததும் கிளிக் என்று சொல்லும். ஆனால் அந்தக் கிளிக் சில சமயம் பொய் சொல்லும். நட்டின் மரையில் ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், நட்டு பாதி வழியிலேயே இறுகிக்கொண்டு கிளிக் என்றுவிடும். அதனால் இடது கட்டைவிரலால் நட்டுக்கு அடியில் இருக்கும் வாஷரைத் தள்ளிப் பார்க்க வேண்டும். ஆடினால் பொய். ஆடாவிட்டால், அதே இடது கையில் விரலிடுக்கில் வைத்திருக்கும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால், நட்டிலிருந்து இரும்பு வரைக்கும் ஒரு கோடு.

கோடு போட்ட நட்டை அதற்குப் பிறகு யாரும் தொடக்கூடாது. தலைமை மெக்கானிக்காகவே இருந்தாலும், போட்டவளேயானாலும் தொடக்கூடாது. தொட்டால் அவள் சத்தியத்தைச் சந்தேகப்பட்ட மாதிரி. பட்டறையில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

நான் கட்டைவிரல் வைக்கமாட்டேன். வைக்கிற மாதிரி கொண்டுபோவேன், தொடாமல் திருப்பிக் கோட்டுக்கு வந்துவிடுவேன். எட்டு வயதிலிருந்து லாரி நட்டு முடுக்கியவள் நான். மணல் சிக்கிய மரை, சோற்றில் கல் கடிபட்ட மாதிரி, அரைச் சுற்றிலேயே என் மணிக்கட்டுக்குத் தெரிந்துவிடும். கிளிக் வரும் முன்பே நிறுத்தி, கழற்றித் துடைத்துவிடுவேன். இரண்டு வருஷத்தில் என் நட்டு ஒன்றுகூட ஆடியதில்லை. அப்புறம் எதற்குக் கட்டைவிரல்? பரீட்சையில் நொடிக்குத்தான் மார்க்.

மாஸ்டர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பெனிட்டா ஒரே வாரத்தில் கண்டுபிடித்தாள்.

“இன்னாடி வல்லி, நட்டுக்கு ஃப்ளையிங் கிஸ் குடுக்கிறியா? வெரலு படவே இல்லயே.”

“பட்டுச்சு.”

“யார்கிட்ட? எங்க நைனா ஏலத்துல மீனு எண்றப்ப இப்டித்தான் கைய ஆட்டிக்கினே போவாரு. ஒண்ணும் எண்ண மாட்டாரு.”

“எனக்கு மணிக்கட்டுலயே தெரியும்டி.”

“உனுக்குத் தெரியும், சரி. உன்னப் பாத்துக் கத்துக்கிறவளுக்கு?”

“என்னப் பாத்து எவ கத்துக்கப் போறா? போடி.”

பன்னிரண்டு நட்டுக்கு அவள் என்னைவிடப் பதினொரு நொடி அதிகம் எடுத்தாள். ஒவ்வொரு நட்டையும், வெண்டைக்காய் வாங்குகிறவள் மாதிரி, தொட்டு அமுக்கிப் பார்ப்பாள். இறுதிப் பரீட்சையில் அவள் தோற்றதும், நான் முதலில் வந்ததும் அதே பதினொரு நொடியில்தான். சுவரில் என் படம் ஏறியது. அவள் வாளியையும் பாயையும் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனாள்.

எங்கள் பேட்ச்தான் கடைசி. அதற்கப்புறம் ஆள் சேரவில்லை என்று சொல்லி அகாடமியை மூடினார்கள். ஆள் ஏன் சேர வேண்டும், கைதான் கிடைத்துவிட்டதே.

*

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பறிமுதல் செய்த பைக்குகள் துருவேறி நின்றன. உள்ளே பெஞ்சில் பெனிட்டா உட்கார்ந்திருந்தாள். கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு. மறுநாள் விசாரணைக் குழு என்ன சொல்கிறதோ அதைப் பார்த்துத்தான் மேற்கொண்டு என்றார் ஏட்டம்மா. பத்து நிமிஷம் பேசிக்கொள்ள விட்டார்.

“வா. உன் கைய என்கிட்ட வுட்டுட்டு நீ மட்டும் ஜாலியா பெங்களூரு போய்ட்ட,” என்றாள் பெனிட்டா. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வாய் மட்டும் மாறவில்லை.

“என் கைன்னு உனக்குத் தெரியுமாடி?”

“மொத நாளே தெரியும். கோடு போட்டு முடிக்கச்சொல்ல கடைசில ஒரு வாலு இழுப்பியே, பல்லி வாலாட்டம். உறை மாட்டுன ஒடனே என் கை அந்த வால இழுத்துச்சு. சிரிப்பு வந்துச்சு. பெயிலானவளுக்கு, ஃபர்ஸ்ட்டு வந்தவ கை.”

“ஏன் எனக்கு ஒரு போன் பண்ணல?”

“இன்னான்னு சொல்றது? உன் கைய மாட்டிக்கினுதான் சோறு துன்றேன்னா?”

“நீ உறைய எதிர்த்தேன்னு சொல்றாங்களே,” என்றேன்.

“நா எங்கடி எதிர்த்தேன். கிளிக்குனு கேட்டா என் கட்டவெரலு தானா போவுது. இரண்டு வருச பழக்கம். போனா உறை புட்ச்சி இழுத்து கோட்டுக்கு இட்டாந்துரும். தெனம் இந்த இழுபறிதான். அன்னிக்குக் காலைலேந்து புழுதிக் காத்து. மூணாவது நட்டு நெறநெறன்னுச்சு. தொட்டுப் பாக்கலாம்னு வெரலு போவுது, அதுக்குள்ள உறை கோட்டப் போட்ருச்சு.”

“அப்புறம் கழட்டிப் பாத்திருக்கலாம்ல?”

அவள் என்னை நேராகப் பார்த்தாள். “கோடு போட்டாச்சுடி. கோடு போட்ட நட்ட தொடலாமா? நீ சொல்லு.”

ஏட்டம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

“தயாளன் அண்ணன் கொடிய ஆட்டிக்கினு நின்னாரு,” என்றாள் பெனிட்டா, குரலை இறக்கி. “முன்னாடி ஒரு காரு சுத்தி நின்னுச்சுன்னு, மெதுவா வான்னு காட்ற மஞ்சக் கொடி. நம்ம காரு வளைவுல வந்துச்சு, சக்கரம் தனியா கழண்டு போச்சு. அவரு வெலகக்கூட இல்ல. கொடிய எறக்கக்கூடாதுல்ல.”

தயாளனை எங்கள் பேட்ச் முப்பது பேருக்கும் தெரியும். காலையில் டிராக்கைச் சுற்றி எங்களை ஓடவிடும்போது, “ஏய் வண்டிங்களா, டயர் தேஞ்சிடப் போவுது, மெதுவா,” என்பார். ஏழாம் வளைவு இருந்த இடம் ஒரு காலத்தில் அவர் வேர்க்கடலை போட்ட நிலம். டிராக்குக்குக் கொடுத்ததற்கு அதே இடத்தில் கொடி பிடிக்கிற வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். பேப்பரில் டிரைவருக்கு மணிக்கட்டில் சிராய்ப்பு என்று படத்தோடு வந்தது. தயாளனுக்குக் கடைசிப் பத்தியில் ‘ஊழியர் ஒருவர்’.

“நாளைக்கு இன்னா சொல்லப் போற?” என்றாள் பெனிட்டா.

நான் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால், கோளாறு கையில் இல்லை, போட்டவளிடம் என்று ஆகும். அவள் உள்ளே போவாள். உண்மையைச் சொன்னால் என் மெக்கானிக் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் இல்லாமல் நாட்டில் எந்த ரேஸ் காரையும் சொந்தக் கையால் தொட முடியாது. எட்டு வயதிலிருந்து நான் கற்ற ஒரே வித்தை அதுதான். அதற்குத்தான் அந்தப் பட்டம், அந்தப் பச்சை மை எல்லாம்.

“தெரியலடி,” என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

“பரவால்ல,” என்றாள். “நானா இருந்தாலும் அப்டித்தான் சொல்வேன்.”

*

விசாரணை அகாடமியின் பழைய வகுப்பறையில் நடந்தது. சுவரில் என் படம் அப்படியே இருந்தது. ஏ.சி. போட்டிருந்தார்கள், நாங்கள் படித்தபோது அது ஓடி நான் பார்த்ததில்லை.

வராந்தாவில் ரகுநந்தன் சார் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, நாலாக மடித்த தாளையும் கொடுத்தார். அதே வாக்கியம், டைப் அடித்திருந்தது. “அடுத்த சீசனுக்கு வெளிநாட்டு டீம் ஒண்ணு உன்னைக் கேக்குது,” என்றார். “நான் உன்னை எதுவும் சொல்லச் சொல்லலம்மா. உன் கையைப் பத்தி உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு.”

அவர் போனதும் ஒரு பெண் எழுந்து என்னிடம் வந்தார். மடியில் ஒயர் கூடை வைத்தபடி இவ்வளவு நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். தயாளன் மனைவி தனபாக்கியம் என்று அங்கிருந்த வாட்ச்மேன் சொன்னார்.

“ஏம்மா, அந்தக் கை நீதானாம்மா?”

தலையாட்டினேன்.

“எந்தக் கை?”

இரண்டு கையையும் நீட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார், மாவு மிஷினில் கொடுத்த அரிசி சரியாக அரைபட்டிருக்கிறதா என்று பார்ப்பதுபோல. “எங்க பொண்ணு கையாட்டம்தான் இருக்குது,” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஓய்வு பெற்ற நீதிபதி. நொடியின் வக்கீல் திரையில் வரைபடத்தைப் போட்டு, மூன்றாவது நட்டு, எட்டாவது நட்டு, பத்தாவது நட்டு என்று சிவப்புப் புள்ளிகளைக் காட்டினார்.

“இந்த மூன்று இடத்திலும் அணிந்தவர் உறையைப் பலமாக எதிர்த்திருக்கிறார். மூலக் கை மாநிலத்திலேயே முதல் தரம். எதிர்ப்பால்தான் பிழை.”

நீதிபதி என்னைப் பார்த்தார். “நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?”

தாள் என் பையில் இருந்தது. பெனிட்டா ஏட்டம்மா பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி ஒளித்து வைத்திருந்தாள், தப்பு செய்தது அதுதான் என்பதுபோல.

“ஒரு கேள்வி கேக்கணும்,” என்றேன். “எதிர்ப்புன்னு சொல்றீங்களே, எந்த விரல்?”

வக்கீல் தாளைப் புரட்டினார். “இடது கட்டைவிரல்.”

“மூணு தடவையும்?”

“மூன்று முறையும்.”

“கிளிக்குக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“பின்னால்.”

“அது எதிர்ப்பு இல்ல. பரிசோதனை. இந்த ரூம்ல, அந்தப் போர்டுல எழுதிப்போட்டுச் சொல்லிக் குடுத்தது அதுதான். கிளிக், கட்டைவிரல், கோடு. அவ சரியாச் செய்யப் போயிருக்கா. என் கை இழுத்துக்கிட்டு வந்திருக்கு.”

ரகுநந்தன் சார் செல்போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“என் பதிவை மெதுவா ஓட்டுங்க,” என்றேன்.

திரையில் என் கைகள் வந்தன. உடம்பில்லாமல் இரண்டு கைகள் மட்டும். வலது கை இழுத்தது. கிளிக். இடது கட்டைவிரல் வாஷரை நோக்கிப் போனது.

“நிறுத்துங்க. இப்பப் பெருசு பண்ணுங்க.”

விரலுக்கும் வாஷருக்கும் நடுவில் ஒரு நூல் அளவு வெளிச்சம் தெரிந்தது. பிறகு விரல் திரும்பியது. கோடு. கடைசியில் பல்லி வால்.

“தொடல,” என்றேன். “பன்னிரண்டுலயும் தொடமாட்டேன். இரண்டு வருஷமா தொட்டதில்ல. மணல் இருந்தா என் மணிக்கட்டுக்குத் தெரியும், அந்தத் தைரியம். உறை என் விரலைக் கத்துக்கிச்சு. மணிக்கட்டுக்குத் தெரிஞ்சதைக் கத்துக்கல.”

“தெரிந்தே விதியை மீறினீர்களா?”

“ஆமா.”

“ஏன்?”

அழகாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம். “ஃபர்ஸ்ட்டு வர்றதுக்கு,” என்றேன்.

பின்வரிசையில் ஒயர் கூடை நகர்ந்த சத்தம் கேட்டது. தனபாக்கியம் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார். அவரைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

*

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. பெனிட்டா மீது தவறில்லை. நொடி மீதும் தவறில்லை. மூலக் கையின் உரிமையாளர் தன் பழக்கத்தை நிறுவனத்திடம் மறைத்துவிட்டார் என்று அவர்கள் வக்கீல் சொன்னது ஏற்கப்பட்டது. மூலக் கையின் உரிமையாளர் நான். அப்போது மட்டும் அது என் கை. வாழ்நாள் முழுவதற்கும் லைசென்ஸ் ரத்து.

படியிறங்கும்போது ரகுநந்தன் சார் என்னோடு இறங்கினார். கோபமே இல்லை அவரிடம்.

“நல்ல பொண்ணும்மா நீ,” என்றார். “ஆனா எங்களுக்குத் தெரியாததை நீ ஒண்ணும் சொல்லிடல.”

நின்றேன்.

“முப்பது கை பதிவு பண்ணோம். கட்டைவிரலுக்கு இருபத்தொம்பது கையும் கிட்டத்தட்ட ஒரே நேரம் எடுத்துச்சு. ஒரு கை மட்டும் பதினொரு நொடி கம்மி. எதனால கம்மின்னு பாக்காமலா எடுத்துக்குவோம்?” கார் கதவைத் திறந்தார். “கராஜ்காரங்க கேட்டதே அந்தப் பதினொரு நொடியைத்தாம்மா.”

“ஒரு ஆள் செத்துட்டாரு சார்.”

“நாப்பத்தோரு கராஜ், ஒரு வருஷம், ஒரே ஒரு நட்டு,” என்றார். “மனுஷங்களே இறுக்கினாலும் இதைவிட ஜாஸ்தி கழண்டிருக்கும். நீயே யோசிச்சுப் பாரு.”

யோசித்துப் பார்த்தேன். இன்றைக்கு வரைக்கும் யோசிக்கிறேன். அவர் சொன்ன எண் சரியாகத்தான் இருக்கும். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

*

இப்போது அப்பாவின் கடையில் இருக்கிறேன். வருகிறவர்களெல்லாம் சான்றிதழைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. “வந்துட்டியா, ஜாக்கிய எட்து வா,” என்றார், பஸ்ஸை விட்டு நான் இறங்கியதும். அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து பெனிட்டா போன் செய்தாள். ஓசூருக்கு அந்தப் பக்கம் ஒரு டிராக்கில் வேலை கிடைத்திருக்கிறதாம்.

“உறை வேலையா?”

“வேற இன்னா வேல கீது? புதுக் கை வந்துருக்குதாம். ‘மின்னல்-01’னு பேரு. ரொம்ப ஃபாஸ்ட்டாம்.” நிறுத்தினாள். “மாட்டிப் பாத்தேன்டி. கோட்டுல வாலு இழுக்குது.”

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மூக்கைத் துடைத்தேன்.

“அழாதடி லூசு. கட்டவெரல வுடாம இழுத்துக்கினு போய்த் தொட்ருவேன். கையி நைட்டெல்லாம் வலிக்கும். எதிர்ப்புன்னு ரெண்டு தடவ எழுதிட்டாங்க. மூணாவது தடவ எழுதுனா ஊட்டுக்கு.”

“விட்டுடேன்டி அந்த வேலைய.”

“வுட்டா, வேற எவளாவது மாட்டுவா. அவ தொடுவாளா?”

போன வாரம் பதிவுத் தபாலில் எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. இந்த முறை ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். எவனோ ஒருவன் ‘ரேஸ் பொண்ணு லாரி டயர் மாத்துது’ என்று எங்கள் கடையில் வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறான். நொடியின் இயந்திரம் அதைப் பார்த்து, கை அசைவை அடையாளம் கண்டுபிடித்துவிட்டது. வலது கையால் இறுக்கி இடது கையால் கோடு போடும் மேற்படி அசைவு நிறுவனத்தின் சொத்து, எந்தக் கடையிலும் தொழிலுக்காக அதைப் பயன்படுத்தக்கூடாது, மீறினால் வழக்கு. முப்பத்தாறாம் பக்கத்தின்படி.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

“அப்ப நீ லாரி நட்டு முடுக்கக்கூடாதுன்றானா?”

“இந்தக் கையால முடுக்கக்கூடாதுன்றான்.”

“இன்னொரு கை கீதுல்ல,” என்றார்.

இன்று காலை ஒரு செங்கல் லாரி வந்தது. பின் சக்கரம், பத்து நட்டு. ஸ்பானரை இடது கையில் பிடித்தேன். குழந்தை பேனா பிடித்த மாதிரி இருந்தது. இடது மணிக்கட்டுக்கு எதுவும் தெரியவில்லை. மணலா, துருவா, சரியாக இருக்கிறதா, ஒன்றும் புரியவில்லை. எட்டு வயதுக்கு முன்னால் போய் நின்றேன். தெரியாத கைக்கு ஒரே வழிதான் இருக்கிறது.

கிளிக் வந்தது. வலது கட்டைவிரலால் நட்டுக்கு அடியில் அழுத்தித் தள்ளிப் பார்த்தேன். பெனிட்டா மாதிரி, வெண்டைக்காய் வாங்குகிற மாதிரி. ஆடியது. கழற்றினேன். மரையைத் துடைத்தேன். மறுபடி போட்டேன். மறுபடி கிளிக். மறுபடி கட்டைவிரல். ஆடவில்லை.

டிரைவர் பீடியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினார். “இன்னாம்மா, வீடியோல அவ்ளோ ஸ்பீடா போட்ட. ஒரு நட்டுக்கே இம்மா நேரமா? லோடு நிக்குது.”

“நிக்கட்டும்ணே.”

மஞ்சள் பேனாவால் கோடு இழுத்தேன். கோணலாக வந்தது. வால் இல்லை.

இன்னும் ஒன்பது இருந்தது.